டிரம்முக்குள் ஒரு பிடி கற்பூரம்

வலியசாலை, திருவனந்தபுரம்
2008 நவம்பர்

என் மகள் ஜானவிக்கு அம்மா எழுதுவது. ஆக்லாந்தில் நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு சுகமாயிருக்க வேண்டும். இங்கே நாங்கள் சுகம், உன் அப்பாவின் முட்டுவலியும் சுகம், அவரைத்தான் விடமாட்டேன் என்கிறது. வாராவாரம் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போன் பேசும்போது அப்பா பக்கத்திலேயே நிற்கிறார், இது அவர் காதில் விழாமல் சொல்ல வேண்டிய விஷயம், பொறுமையாகப் படி.

நம் எலுமிச்சைப் புல்தைலத்தை வாங்குகிற பிரான்ஸ்காரர் ஜூலையில் ஒரு மெயில் அனுப்பினார். ஐரோப்பாவில் புதுச் சட்டமாம், வெளியிலிருந்து டன் கணக்கில் வருகிற எந்த கெமிக்கலையும் இன்னது என்று பெயர் சொல்லிப் பதிய வேண்டுமாம், முன்பதிவுக்கு டிசம்பர் முதல் தேதி கடைசி, பதியாத சரக்கு உள்ளே போகாது. அங்கே இருக்கிற அவர்தான் பதிய முடியும், தைலத்துக்குள் என்னென்ன இருக்கிறது என்று லேப் ரிப்போர்ட்டோடு நாம் சொல்ல வேண்டும். எனக்குக் கோபம் வந்தது. புல், தண்ணீர், நெருப்பு, இதில் எங்கே கெமிக்கல் என்று பதில் போட்டேன். நாம் மூச்சு விடுகிற காற்றும் கெமிக்கல்தான் மேடம் என்று திருப்பி எழுதினார். கெமிஸ்ட்ரி லேபின் நாற்றம் பிடிக்காமல்தான் நான் பிரீடிகிரியைப் பாதியில் விட்டு ஓடினேன், அது என்னைத் தேடிப் பழவங்காடி கோடவுன் வரைக்கும் வந்துவிட்டது பார். அவரை விட்டால் நமக்கு வேறு ஆள் கிடையாது, அவர் நிறுத்தினால் கோடவுனைப் பூட்ட வேண்டியதுதான்.

அப்பா, எனக்கு இதெல்லாம் மண்டையில் ஓடாது, நீயே பார் என்று ஒதுங்கிவிட்டார். நான் ஸ்கூட்டியில் இரண்டு குப்பித் தைலத்தோடு கழக்கூட்டத்தில் ஒரு லேபுக்குப் போனேன். ஒன்று, மலையடிவாரத்தில் புல்லைக் காய்ச்சி வாற்றி நமக்குத் தைலம் அனுப்புகிற ராஜமணியின் கேனிலிருந்து எடுத்தது. இன்னொன்று நாம் அடைத்து வைத்த டிரம்மிலிருந்து. அங்கே லிபி என்று ஒரு பாறசாலைப் பெண், ஊசி முனையில் ஒரு சொட்டைத் தொட்டு மெஷினுக்குள் விட்டாள். கொஞ்ச நேரத்தில் பேப்பரில் ஒரு கோடு கிளம்பி ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. ஜானவி, எனக்கு வாயடைத்துப்போயிற்று, அது எவ்வளவு அபூர்வம் என்று உனக்குத் தெரியும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மோந்து மோந்து சலித்த மணம், ஒரே மணம் என்றுதான் நினைத்திருந்தேன், அதற்குள் ஒரு மலைத்தொடரே இருக்கிறது. லிபி சொன்னாள், சேச்சி, இந்த ரெண்டு பெரிய குன்னும் சேர்ந்ததுதான் நீங்க சொல்லுத எலுமிச்ச மணம், பின்னால நிக்க குட்டியெல்லாம் வேற வேற ஆளு, ஒவ்வொண்ணுக்கும் பேரு உண்டு என்று. அப்புறம் டிரம் தைலத்தின் பேப்பரில் ஒரு சின்னக் குன்றைக் காட்டி, இது புல்லுக்குப் பொறந்த பிள்ள இல்ல கேட்டியளா, கற்பூரம், கேன் சாம்பிள்ல இது இல்லவே இல்ல, யாரோ கொண்டு விட்டிருக்கு என்றாள். வெறும் புல்தைலம் என்று பதிந்துவிட்டு இதை அனுப்பினால் ரிப்போர்ட் ஒன்று, சரக்கு ஒன்று என்று ஆகிவிடுமாம், அங்கே பிடித்தால் டிரம் அப்படியே திரும்பி வரும்.

எனக்கு ரத்தம் கொதித்தது. நேரே கோடவுனுக்கு வந்து, டிரம் மூடுகிற வேலைக்காரப் பையன் திரவியத்தைப் பிடித்துக்கொண்டேன், எவன் சொல்லி எதைக் கலந்தே என்று சத்தம் போட்டேன். அவன், அக்கா நான் மூடிய முறுக்கதோட சரி, என்று தரையைப் பார்க்கிறான். அப்போதுதான் உன் அப்பா உள்ளேயிருந்து வந்து, அவன விடு சரோஜம், நாந்தான் என்றார். நாம் அனுப்பிய முதல் டிரம் கப்பலில் ஒழுகிப் போனதாம், அடுத்ததை மூடும்போது பழவங்காடிப் பிள்ளையாருக்கு நேர்ந்துகொண்டு ஒரு பிடி பச்சைக் கற்பூரம் உள்ளே போட்டாராம், அன்றிலிருந்து ஒரு டிரம் விடாமல் போடுகிறார். பெறகு ஒண்ணாவது ஒழுகிச்சா சொல்லு என்று என்னையே கேட்கிறார். இனிமேல் போடக்கூடாது என்றேன். கம்பெனிய வேணும்னா மூடு, நேர்ச்சய நிறுத்த மாட்டேன் என்றார். கெஞ்சினேன், திட்டினேன், பேசாமலும் இருந்து பார்த்தேன். அவர் அசையவில்லை, தேதியோ நெருங்குகிறது.

கடைசியில் அவரை ஸ்கூட்டியில் பின்னால் ஏற்றி லிபியிடமே கொண்டு போனேன். அந்தச் சின்னக் குன்றின்மேல் விரலை வைத்து, இது நம்ம ஒரு பிடியா மோளே என்று கேட்டார். அதேதான் அண்ணாச்சி, அத்தன பெரிய டிரம்முல ஒரு பிடி, ஆனாலும் மெஷின் விடாது என்றாள் அவள். அப்போ பிரான்ஸ்லயும் தெரிஞ்சிருக்குமா என்றார். அவங்க மெஷின் இதவிடக் கூர்மையாக்கும் என்றாள். அப்பா அந்தப் பேப்பரையே பார்த்துக்கொண்டு நின்றார், கண் நிறைந்துவிட்டது. அப்போ இத்தன வருஷமும் பிள்ளையாரு அங்க போய்ச் சேர்ந்துட்டுதான் இருந்திருக்காரு, போதும் என்றார். திரும்பும் வழியில் பழவங்காடியில் வண்டியை நிறுத்தச் சொல்லி, ஒரு தேங்காய் உடைத்து நேர்ச்சையை முடித்துக்கொண்டார். சட்டத்துக்கும் எனக்கும் மசியாத மனுஷன் ஒரு கோட்டுக்கு மசிந்தார்.

பிரான்ஸ்காரருக்கு நடந்ததை மறைக்காமல் எழுதினேன். அவர் பதில்தான் வேடிக்கை, உங்கள் தைலத்தில் மட்டும் ஒரு தனிக் குளிர்ச்சி உண்டு, அது உங்கள் ஊர் மண்ணின் குணம் என்று எங்கள் ஆட்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்று எழுதியிருக்கிறார். சுத்தத் தைலத்தின் ரிப்போர்ட்டை வைத்து முன்பதிவு செய்து, நம்பரும் நேற்று வந்துவிட்டது. கற்பூரம் போட்ட டிரம்களை இங்கே ஊதுபத்தி செய்கிற ஒருவர் சந்தோஷமாக எடுத்துக்கொண்டார். திரவியத்திடம் மன்னிப்புக் கேட்டேன், அவன் வெட்கப்பட்டு ஓடிவிட்டான்.

இன்று காலையில் புது டிரம்மை மூடினோம். அப்பா டிரம்மின் வாய்க்கு மேலே வெறும் கையை மூடிப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார், பிறகு விரலை விரித்தார், ஒன்றும் விழவில்லை, மூடு திரவியம் என்றார்.

அவராகவே போனில் இதைச் சொன்னால் முதல் தடவை கேட்கிற மாதிரி கேள், சிரித்துவிடாதே மக்ளே. நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட காலம் வாழ வேண்டும். முட்டுக்குப் போடுகிற பெல்ட்டை மறக்காமல் வாங்கி அனுப்பு, பெரிய சைஸ்.

உன் அம்மா,
சரோஜம் தாணுமாலயன்