பலகையில் எழுதியிருந்தது

மார்ச் 4

என் அன்பு வார்டு மகாராணிக்கு,

நீ நல்லபடியாக வீடு போய்ச் சேர்ந்ததை மகள் என் அறையில் இருக்கும் பிளம்பரின் போனுக்குச் சொல்லி அனுப்பியிருந்தாள். அறையில் ஆறு பேர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது அந்தப் போனில் நான் என்ன பேசுவது? என் போன் போலீஸிடம் இருக்கிறது. பாஸ்போர்ட்டும் அங்கேதான். அதனால் நிச்சயதார்த்தம் முடிந்த புதிதில் எழுதியது போலக் காகிதத்தை எடுத்துவிட்டேன். கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும், திட்டாதே.

நீ முதலில் எதைக் கேட்பாய் என்று தெரியும். அந்தக் கடல்நாய்க் குட்டியை அன்று சாயங்காலமே அதன் தாய் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டது. கவலைப்படாதே.

கேஸும் பெரிதில்லை. அரசாங்கமே ஒரு வக்கீலம்மாவைக் கொடுத்திருக்கிறது. அவர் தன் மொழியில் தைரியம் சொன்னார், நானும் அவர் மொழியிலேயே நன்றி சொன்னேன். ஆறு வருஷம் சும்மாவா இருந்தேன். கம்பெனியிலும் எல்லோரும் அனுசரணையாக இருக்கிறார்கள். இந்த வாரம் இருபத்திரண்டு மாடிக் கட்டடத்தில் இரண்டு லிஃப்டுக்குக் கயிறு மாற்றினோம்.

ஒன்று மட்டும் மறந்துவிடாதே. குட்டியைத் தூக்கியது நான். நீ தண்ணீர் வாங்கக் கடைக்குப் போயிருந்தாய். உனக்கு எதுவும் தெரியாது. ஆறு வருஷத்தில் முதல் தடவையாக என்னைப் பார்க்க வந்தாய். மூன்று வாரமும் கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விட்டது. ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் உன்னைக் கடலுக்குக் கூட்டிப் போகாமல் இருந்திருக்கலாம்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன்,
லிஃப்ட்காரன்


மார்ச் 15

அன்புள்ள என்னங்கவுக்கு,

கடிதம் கிடைத்தது. மூன்று தடவை படித்தேன். முதல் தடவை சந்தோஷம், இரண்டாவது தடவை சந்தேகம், மூன்றாவது தடவை கோபம்.

உங்கள் தங்கை இங்கே தெருவில் ஒருவரையும் பாக்கி விடவில்லை. "நாய்க்குட்டியத் தூக்கினதுக்கு எங்கண்ணன் மேல கேஸாம். இங்க வந்து நம்ம தெருவுல இருக்கறத அள்ளிட்டுப் போகச் சொல்லுங்க" என்கிறாள். அது நாய் இல்லை, கடலில் வாழும் பிராணி என்று சொல்லிச் சொல்லி என் வாய் வலிக்கிறது.

நீங்கள் தூக்கினீர்களா? உங்களுக்கு நம் மகளையே மூன்று மாதம் வரைக்கும் தூக்கத் தெரியாது. பாறைக்குப் பக்கத்தில் வெயிலில் தனியாகக் கிடந்ததைப் பார்த்ததும் என் கால் தானாகப் போய்விட்டது. தொப்புள்கொடி காயவில்லை. வாயில் விரல் வைத்துப் பார்த்தேன், நன்றாக உறிஞ்சியது. பசி. என் சால்வையில் சுற்றி நிழலுக்குக் கொண்டுவந்து உங்கள் மடியில் போட்டுவிட்டுத்தான் தண்ணீருக்கு ஓடினேன். பதினெட்டு வருஷமாகப் பச்சைக் குழந்தைகள் வார்டில் வேலை பார்க்கிறவள், தனியாகக் கிடக்கும் சிசுவைத் தாண்டிப் போவேனா? திரும்பி வந்தால் அந்தத் தொப்பி போட்ட அதிகாரியம்மா உங்கள் முன்னால் நிற்கிறார். "பேசாம நில்லு. நாளைக்கு உனக்கு ஃப்ளைட்" என்று தமிழில் சொல்லிவிட்டு, அவரிடம் என்னவோ சொன்னீர்கள். என்ன சொன்னீர்கள் என்று இப்போதுதானே புரிகிறது.

எங்கள் டாக்டரம்மா இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். அந்தப் பிராணியை வெளிநாட்டுக்காரர் தொட்டால் ஒரு வருஷம் வரை ஜெயில், அப்புறம் நாட்டை விட்டே அனுப்பிவிடுவார்களாம். அந்த மாதிரிக் கடற்கரையில் கட்டாயம் எச்சரிக்கைப் பலகை இருக்குமாம். பலகை இருந்ததே? நான் உங்களிடம் கேட்டேன். 'இங்கே குளிக்கக் கூடாது' என்று படித்துச் சொன்னீர்கள். நாம்தான் குளிக்க வரவில்லையே என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனோம்.

அதில் என்ன எழுதியிருந்தது? சமாளிக்காமல் பதில் எழுதுங்கள்.

ஊருக்கெல்லாம் சிஸ்டர்,
உங்களுக்கு மட்டும் மனைவி


மார்ச் 27

என் அன்பு மகாராணிக்கு,

உட்கார்ந்துகொண்டு படி. பக்கத்தில் என் தங்கை இருந்தால் ஏதாவது சொல்லிக் கடைக்கு அனுப்பிவிடு.

எனக்கு இந்த ஊர் எழுத்து படிக்கத் தெரியாது. பேசுவேன், சண்டை போடுவேன், ஜோக் கூட அடிப்பேன். எழுத்து மட்டும் ஏறவில்லை. வந்த முதல் வருஷம் ஒரு வகுப்புக்குப் போனேன். நாள் முழுக்க லிஃப்ட் குழிக்குள் இருந்துவிட்டுப் போய் உட்கார்ந்தால் தூக்கம் தள்ளியது. நான்காவது நாள் நின்றுவிட்டேன். வேலைக்கு எழுத்து வேண்டியிருக்கவில்லை. வயருக்கு நிறம் இருக்கிறது, பட்டனுக்கு நம்பர் இருக்கிறது. சாப்பாட்டுக் கடையில் படத்தைக் காட்டுவேன். கம்பெனியிலிருந்து காகிதம் வந்தால் பிளம்பர் படித்துச் சொல்வான்.

உனக்குப் போனில் "இப்பல்லாம் பேப்பரே படிக்கிறேன்" என்று சொன்னேன். நீ வார்டு முழுக்க அதைச் சொல்லிப் பெருமைப்பட்டாய். அப்புறம் எப்படி அதைத் திரும்ப வாங்குவது? நீ வந்த மூன்று வாரமும் பலகை இல்லாத தெருவாகப் பார்த்துத்தான் உன்னைக் கூட்டிப் போனேன். பஸ்ஸில், கடையில், எங்கே பார்த்தாலும் "அது என்னங்க போட்டிருக்கு?" என்று கேட்பாய். நானும் வாய்க்கு வந்ததைச் சொல்வேன். மருந்துக் கடையைச் செருப்புக் கடை என்று சொல்லி மாட்டிக்கொண்டேனே, அன்றைக்கே நீ கண்டுபிடித்திருக்க வேண்டும்.

பலகையில் இருந்ததை வக்கீலம்மாதான் படித்துக் காட்டினார். குட்டியிடமிருந்து ஐம்பது அடி தள்ளி நிற்க வேண்டும், தொட்டால் தண்டனை. அவ்வளவுதான். நான் அதை உண்மையாகப் படித்திருந்தால் நீ அந்தப் பக்கமே போயிருக்க மாட்டாய். அதனால் தூக்கியது உன் கையாக இருந்தாலும் தப்பு என்னுடையது. உன்னைக் காப்பாற்றுகிற பெரிய மனுஷத்தனம் எல்லாம் இதில் இல்லை. என் மானம் போகாமல் இருக்க நான் விட்ட பீலா உன்னைக் கோர்ட் வாசலில் நிறுத்தக் கூடாது.

தயவுசெய்து நீ எதையும் யாருக்கும் எழுதிப் போடாதே. அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி தீர்ப்பு.

வெட்கத்தோடு,
உன் லிஃப்ட்காரன்


ஏப்ரல் 5

அன்புள்ள என்னங்கவுக்கு,

படித்து முடித்துவிட்டு முதலில் சிரித்தேன். அப்புறம் மாத்திரை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். படிக்கத் தெரியாததற்காக அழவில்லை. ஆறு வருஷம் ஒரு எழுத்தும் புரியாத தெருவில் தனியாக நடந்துவிட்டு, தினமும் என்னிடம் "ஜாலியா இருக்கேன்" என்று சொல்லியிருக்கிறீர்களே, அதற்காகத்தான். நான் உங்களுக்கு மனைவியா, மேலதிகாரியா? என்னிடம் எதற்கு இவ்வளவு நல்ல பேர் வாங்க வேண்டும்?

நீங்கள் வேண்டாமென்று சொன்னதைச் செய்துவிட்டேன். கோர்ட்டுக்கு நடந்தது நடந்தபடி எழுதி, டாக்டரம்மா ஆங்கிலத்தில் மாற்றிக் கொடுக்க, நோட்டரியிடம் முத்திரை வாங்கி உங்கள் வக்கீலம்மாவுக்கு அனுப்பியாகிவிட்டது. என் கையெழுத்து, என் வேலை அடையாள அட்டை எல்லாம் சேர்த்துத்தான். என்னையும் தண்டிப்பதானால் தண்டிக்கட்டும். செய்தவள் நான், ஒளிந்துகொண்டிருக்கையில் ஒரு வாய் சோறு நிம்மதியாக இறங்கவில்லை.

இன்னொன்று கேட்கிறேன். குட்டியைத் தாய் கூட்டிக்கொண்டு போனது என்று எழுதினீர்கள். நீங்கள் கண்ணால் பார்த்தீர்களா? மனிதக் கை பட்டு, இடமும் மாறிவிட்டால் தாய் பெரும்பாலும் திரும்பாது என்று டாக்டரம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார். எங்கள் வார்டில் ஒரு குழந்தை போய்விட்டால், வெளியே நிற்கும் தாயிடம் யார் சொல்வது என்று எல்லோரும் என்னைத்தான் பார்ப்பார்கள். நான்தான் போய்ச் சொல்வேன். ஒரு தடவை கூடப் பொய் சொன்னதில்லை. எனக்கும் யாராவது அப்படிச் சொல்லலாமே.

சட்டைக் காலரைத் துவைத்துப் போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குப் போங்கள்.

கோபம் பாதி, பாசம் முழுசாக,
உங்கள் மனைவி


ஏப்ரல் 22

என் அன்பு மகாராணிக்கு,

ஜெயில் இல்லை. இதை முதலில் படித்துக்கொள்.

சாட்சிக் கூண்டு மாதிரி எதுவும் இல்லை, சாதாரண மேஜைதான். நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார், "பலகையைப் பார்த்தீர்களா?" பார்த்தேன் என்றேன். "படித்தீர்களா?" நான் திரும்பிப் பார்த்தேன். பின்னால் பிளம்பர் உட்கார்ந்திருக்கிறான், கம்பெனி ஆள் உட்கார்ந்திருக்கிறார். "படிக்கத் தெரியாதுங்க. தெரியும்னு என் பெண்டாட்டிகிட்ட பொய் சொன்னேன்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். மொழிபெயர்க்கிறவர் அதைச் சொல்லி முடித்ததும் நீதிபதி ஏதோ குறித்துக்கொண்டார். அப்புறம் உன் கடிதத்தை வாசித்தார்கள். 'வாயில் விரல் வைத்துப் பார்த்தேன், உறிஞ்சியது' என்ற இடத்தை நீதிபதி இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்.

குட்டியை மடியில் வைத்திருந்ததற்கும் போலீஸிடம் பொய் சொன்னதற்கும் சேர்த்து எனக்கு ஆறு மாதச் சிறை என்று எழுதி, மறுபடி தப்பு செய்தால்தான் உள்ளே போக வேண்டும் என்று நிறுத்தி வைத்திருக்கிறார். அபராதம் கட்டினேன், சேமிப்பில் கொஞ்சம்தான் மிச்சம். முப்பது நாள் கடற்கரையில் வேலை செய்து கொடுக்க வேண்டும். முடிந்ததும் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். நீ ஐந்து வருஷம் இங்கே வரக் கூடாதாம். அதனால் இனி நான்தான் உன்னிடம் வர வேண்டும். வேறு வழியில்லை.

இனி மற்ற பொய்கள். கம்பெனியில் அனுசரணை எல்லாம் இல்லை, இரண்டாவது வாரமே நிறுத்திவிட்டார்கள். பிளம்பர்தான் சாப்பாடு போடுகிறான். கயிறு மாற்றிய கதை போன வருஷத்துக் கதை.

குட்டியின் தாய் வரவில்லை. அன்று சாயங்காலம் தண்ணீரில் தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்ததாம். கரையில் கூட்டம். இரண்டு நாள் வந்து பார்த்துவிட்டுப் பிறகு வரவில்லை. குட்டியைக் காப்பகத்துக்குக் கொண்டுபோய்க் குழாயில் பால் கொடுத்தார்கள். ஒன்பதாவது நாள் இறந்துவிட்டது. நான் உனக்கு முதல் கடிதம் எழுதியபோது உயிரோடு இருந்தது. பிழைத்துவிடும், அப்புறம் உனக்குத் தெரியவே வேண்டாம் என்று நினைத்தேன். என்னை மன்னித்துவிடு.

தொப்பிக்காரம்மாவோடுதான் இப்போது வேலை. நாம் பயந்த அளவுக்குக் கடுமையானவர் இல்லை. நம் ஆட்கள் நிறையப் பேர் விடுமுறையில் அந்தக் கடற்கரைக்கு வருகிறார்களாம். "உங்கள் மொழியிலும் ஒரு பலகை எழுதிக் கொடு" என்று பெயிண்டும் பலகையும் கொடுத்துவிட்டார். பழைய பலகையில் இருப்பது போலத் தண்டனை, அபராதம் என்று எழுதிப் பார்த்தேன். நன்றாக இல்லை. நம்மைப் போல ஆட்கள் தண்டனைக்குப் பயந்து நிற்கமாட்டார்கள், பாவம் பார்த்துத்தானே தூக்குகிறார்கள். என்ன எழுத வேண்டும் என்று உனக்குத்தான் தெரியும். எழுதி அனுப்பு.

ஜூன் முதல் வாரம் வருகிறேன்.

ஒன்றையும் மறைக்காமல்,
உன் லிஃப்ட்காரன்


மே 3

அன்புள்ள என்னங்கவுக்கு,

படித்தேன். அன்றைக்கு வார்டில் ஏழு குழந்தைகள். ஏழு பேருக்கும் பாலாடையில் பால் கொடுத்து முடித்துவிட்டு வந்துதான் அழுதேன். பசியில் என் விரலை உறிஞ்சிய குட்டி. நல்லது செய்வதாக நினைத்து அதன் அம்மாவிடமிருந்து பிரித்துவிட்டேன். இது என்னோடுதான் இருக்கும், நீங்கள் ஆறுதல் சொல்ல வேண்டாம். ஆனால் சொன்னீர்களே, அதற்கு ஆயிரம் நன்றி.

இங்கே நம் ஆஸ்பத்திரியிலேயே லிஃப்ட் வாரத்துக்கு மூன்று நாள் நின்றுவிடுகிறது. ஆள் தேடுகிறார்கள். பட்டனெல்லாம் நம்பர்தான். வந்து பேசுங்கள். உங்கள் தங்கையிடம் மட்டும் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டாம், தெரு தாங்காது.

பலகைக்கு எழுதியிருக்கிறேன். பெரிய எழுத்தில் எழுதுங்கள். கீழே ஒரு தாய், ஒரு குட்டி என்று படமும் போடுங்கள். கணவன் படித்துச் சொல்வான் என்று நம்பி வருகிற பெண்களும் இருப்பார்கள்.

"இந்தக் குட்டி அநாதை இல்லை. இதன் அம்மா சாப்பிடப் போயிருக்கிறாள். நீங்கள் பக்கத்தில் நின்றால் அவளுக்குப் பயம். ஐம்பது அடி தள்ளி நில்லுங்கள். தூக்காதீர்கள். அவள் வருவாள்."

கடைசி வரியை எழுத என் கை வரவில்லை. பேனாவை வைத்துவிட்டு இரண்டு வார்டு சுற்றி வந்துதான் எழுதினேன். அதை விட்டுவிடாதீர்கள்.

எழுதி முடித்ததும் பலகைக்கு முன்னால் நின்று ஒரு தடவை சத்தமாகப் படித்துப் பாருங்கள். இதை உங்களால் படிக்க முடியும்.

வாசலைப் பார்த்துக்கொண்டு,
உங்கள் மனைவி