துக்கத்தில் நிற்கும் காற்றாலை

அன்பு மகனே,

படம் கிடைத்தது. நீ அச்சிட்ட நம் காற்றாலைப் படத்தை ஹார்லெம் நகரக் கடையில் பார்த்துவிட்டு, உன் ஆல்ட்யே அத்தை கறுப்பு உடையில் வந்து இறங்கினாள்.

"ஆலை துக்கத்துல நிக்குதே அண்ணே, யாரு போயிட்டா? எனக்கு ஒரு வார்த்தை சொல்லலியே?"

நம் ஆலைக்காரர் வழக்கம் உனக்கே தெரியும்: உச்சிக்கு வருமுன் இறக்கையை நிறுத்தினால் மகிழ்ச்சி, உச்சி தாண்டி நிறுத்தினால் துக்கம். நான் மகிழ்ச்சியில்தான் நிறுத்தியிருந்தேன். நீ செப்புத் தகட்டில் பார்த்தபடியே கீறிவிட்டாய். அச்சில் இடம் வலமாகிவிட்டது.

அம்மா படத்தை நிலைக்கண்ணாடிக்கு எதிரே மாட்டிவிட்டாள். "இப்ப கண்ணாடில பாருங்க, யாரும் சாகல" என்கிறாள்.

அன்று இங்கே ஆலையை வரைந்துகொண்டே, "எந்த வீட்ல கல்யாணம்ப்பா?" என்று கேட்டாய். காற்று இல்லை, அதான் நிறுத்தினேன் என்று மழுப்பினேன்.

கல்யாணம் எதுவும் இல்லை. ஆறு வருடம் கழித்து நீ வீட்டுக்கு வந்திருந்தாய்.

உன் அப்பா