சீருடை அணிந்த மச்சானுக்கு

ஸ்காபரோ
14 மாசி 1994

ஸ்ரீஸ்கந்தராசாவுக்கு,

இது நலம் விசாரித்து எழுதும் கடிதம் அல்ல. ஆகவே விசாரிக்கவில்லை.

நேற்று ஆஸ்பத்திரியில் தாதி ஒருத்தி என் கையைப் பிடித்துக் குலுக்கி, எங்கள் குருவானவர் உங்கள் மச்சானாமே என்று மகிழ்ந்தாள். உம்முடைய அக்கா மங்கையற்கரசி புற்றுநோயோடு படுத்திருக்கும் மாடிக்கு நீர்தான் குருவானவர் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். நான் இல்லாத நேரம் பார்த்து அறை வாசலில் வந்து நின்றீராம்.

உம்முடைய அப்பா, என் மாமா, உம்மை இங்கிலீசு படிக்க மிஷன் கல்லூரிக்கு அனுப்பினார். நீர் ஞானஸ்நானம் பெற்றுத் திரும்பினீர். அதையாவது ஒருகாலம் பொறுத்திருப்பேன். இந்தக் கனடா இராணுவத்திலும் பகுதிநேரக் குருவானவராகச் சேர்ந்து, சீருடையோடு எடுத்த படத்தை அக்காவுக்கு அனுப்பினீரே, அதைப் பொறுக்க முடியாது. ஊரில் எங்கள் மகன் ஜனார்த்தனைச் சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து எழுப்பி இழுத்துப் போனவர்களும் சீருடைக்காரர்தான். பிள்ளை திரும்பவில்லை. எந்த நாட்டுச் சீருடை என்று பிரித்துப் பார்க்கும் பொறுமை எனக்கு இல்லை.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். அகராதியை வைத்துத்தான் இங்கிலீசு படித்தேன். ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கு முறைப்பாடு எழுத அது போதும். கட்டிலருகே வரவேண்டாம்.

இரத்தினவேல்

அஜக்ஸ்
19 மாசி 1994

அன்புள்ள அத்தான்,

திட்டுவதற்கென்றாலும் எழுதினீர்களே. உறையில் உங்கள் கையெழுத்தைக் கண்டதும் வாசலிலேயே நின்று பிரித்தேன்.

நான் அறைக்குள் போகவில்லை. நோயாளி அழைத்தால்தான் கட்டிலருகே போகலாம் என்பது எங்கள் வேலையின் முறை. அக்கா என்னைக் கண்டு சிரித்தார். பிறகு, "அத்தானைக் கேட்டுப்போட்டு வாடா தம்பி. களவாய் வராதை" என்றார். ஆகவே கேட்கிறேன். அக்காவைப் பார்க்க விடுங்கள்.

சீருடையைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். குருவானவர்கள் ஆயுதம் தொடுவதில்லை. ஜனார்த்தனைக் கொண்டுபோன பிறகுதான் நான் சேர்ந்தேன். துவக்கு வைத்திருக்கும் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் துவக்கு இல்லாத ஒருவன் நின்று, "அந்த வீட்டுக்குள் போகாதே" என்று சொல்ல வேண்டும் என நினைத்தேன். எப்போதும் கேட்கிறார்கள் என்று சொல்லமாட்டேன். சில நேரம் கேட்கிறார்கள்.

இன்னொரு உதவி. அதே மாடியில் சுழிபுரத்து முதியவர் ஒருவர் கடைசி நாட்களில் இருக்கிறார். பிள்ளைகள் வான்கூவரில். பனிப்புயலால் விமானம் இல்லை. பதிகம் கேட்க ஆசைப்படுகிறார். எனக்குப் பாடத் தெரியும். ஆனால் கழுத்தில் இந்தக் குருவானவர் பட்டியோடு நான் பாடினால் அவருக்கு அது பதிகமாக இராது. நீங்கள் வருவீர்களா?

அன்புடன்,
ஸ்கந்தராசா

ஸ்காபரோ
26 மாசி 1994

ஸ்ரீஸ்கந்தராசாவுக்கு,

சுழிபுரத்தாருக்காகத்தான் வந்தேன். உமக்காக அல்ல. இரண்டு பஸ் மாறி, சறுக்கும் பனியில் வந்தேன் என்பதையும் குறித்துக்கொள்ளும்.

நீர் வெளியே போயிருந்தபோது அவர் என்னிடம், "உவர் வேதக்காரர்தான். ஆனா உவர் வந்து கையைப் பிடிச்சால் நோ குறையுது. உமக்கு உவர் என்ன முறை?" என்று கேட்டார்.

"ஊர்க்காரன்" என்றேன்.

"போம் காணும்! ஊர்க்காரனுக்கு ஆர் உப்பிடிக் கதிரை துடைச்சுப் போடுறான்?" என்றார்.

சாகக் கிடக்கிறவருக்கும் என்ன வாய்!

அவருடைய நெற்றிக்குத் திருநீறு தேடினேன். உம்முடைய பையிலிருந்து எடுத்துத் தந்தீர். அதே பையில் செபமாலையும், இஸ்லாமியர் தொழுகைக்கு விரிக்கும் துணியும் கண்டேன். இது என்ன மதம் என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் ஒன்றையும் ஒன்றோடு கலக்காமல், ஒவ்வொன்றையும் தனித்தனியே வெள்ளைத் துணியில் சுற்றி வைத்திருந்தீர். அது ஒழுங்கு. ஒழுங்கை நான் மதிப்பேன்.

நான் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில் கதவடியில் நின்று அடுத்த அடியை எடுத்துக் கொடுத்தீர். நான் மறக்கவில்லை. மூச்சுத்தான் வாங்கினேன். இருந்தாலும் நீர் சொன்ன அடி சரியானது. மாமா சொல்லித் தந்தது உமக்குள் இன்னும் கிடக்கிறது.

அவர் போனபோது முகம் தெளிவாக இருந்தது. அதற்காக மங்கையின் விஷயத்தில் நான் இளகிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம்.

இரத்தினவேல்

அஜக்ஸ்
3 பங்குனி 1994

அன்புள்ள அத்தான்,

என்னைப் பொஸ்னியாவுக்கு அனுப்புகிறார்கள். அடுத்த கிழமை வெள்ளி புறப்பட வேண்டும். ஆறு மாதம். அக்காவுக்கு அவ்வளவு காலம் இல்லை என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும்.

உங்கள் சொல் இல்லாமல் அந்த வாசலைத் தாண்டமாட்டேன். அக்காவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். இனிக் கேட்க எனக்கு நாள் இல்லை, அத்தான்.

ஸ்கந்தராசா

ஸ்காபரோ
5 பங்குனி 1994

ஸ்ரீஸ்கந்தராசாவுக்கு,

செவ்வாய்க்கிழமை பின்னேரம் நான் கண் வைத்தியரிடம் போகிறேன். மகள் அருள்மலருக்கும் வேலை. மங்கை தனியே இருப்பாள்.

இது தகவல். அனுமதி அல்ல. மங்கைக்கும் இதே தகவலைச் சொல்லியிருக்கிறேன். ஆகவே களவு என்ற பேச்சுக்கு இடமில்லை.

மகளின் சிநேகிதி அஜக்சில் இருக்கிறாள். அவள் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். தபாலை நம்பமுடியாது.

இரத்தினவேல்

ஸ்காபரோ
11 சித்திரை 1994

தம்பி ஸ்கந்தராசா,

அருள்மலர் இராணுவ அலுவலகம் மூலம் அறிவித்த செய்தி உனக்குக் கிடைத்திருக்கும். உன் அக்கா வேதனைப்படாமல் போனாள்.

அன்றைக்குக் கண் வைத்தியர் ஒருவரும் இல்லை. நான் கீழே கோப்பிக் கடையில் இருந்தேன். உனக்கும் அது தெரிந்திருக்கும். பொறுக்கமுடியாமல் மேலே வந்தேன். கதவு பாதி திறந்திருந்தது. நீ சீருடையில் இருந்தாய். திரும்பிப் போயிருப்பேன். அவள் குரல் கேட்டு நின்றேன்.

"நான் போட்டுக்கொண்டு வரச் சொன்னபடியால் போட்டனியோ? உண்மையாத் துவக்கு இல்லைத்தானே?"

"இல்லை அக்கா. தடவிப் பாருங்கோ."

அவள் உன் இடுப்புப் பட்டியை இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தாள். பிறகு உன் தோளில் முகத்தை வைத்துப் பிள்ளையின் பெயரைச் சொல்லி அழுதாள். அவன் போன நாளிலிருந்து என் முன்னால் அவள் அழுததில்லை. நான் அழ விட்டதில்லை என்று அருள்மலர் சொல்கிறாள். இருக்கலாம். நீ ஒரு சொல்லும் சொல்லாமல் இருந்தாய். ஆறுதல் சொல்வதற்குத்தான் உங்களுக்குச் சம்பளம் என்று நினைத்திருந்தேன். சொல்லாமல் இருப்பதற்கும் படிப்பு வேண்டும் போலிருக்கிறது.

மரண அறிவித்தலை அருள்மலர் எழுதினாள். சகோதரர் என்ற இடத்தில் உன் பெயரை மட்டும் போட்டிருந்தாள். "கனடா இராணுவக் குருவானவர்" என்று சேர்க்கச் சொன்னேன்.

"அப்பா, ஆமி எண்டு போட்டால் சனம் என்ன கதைக்கும்?"

"கதைக்கட்டும். உவனைக் குறை சொல்ல இந்த ரொறன்ரோவில எனக்கு மட்டும்தான் உரிமை. வேற ஆர் வாய் திறந்தாலும் என்னட்டை அனுப்பு."

பத்திரிகைக்காரரும் ஒருமுறை கேட்டார். அவருக்கும் அதைத்தான் சொன்னேன். பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். வெட்டி இதனுள் வைத்திருக்கிறேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு உன்னால் வரமுடியாது. அலுவல் முடிந்ததும் நேரே எங்கள் வீட்டுக்கு வா. நீ மதம் மாறியது பிழை. அதை நான் இன்னும் முழுதாகச் சொல்லி முடிக்கவில்லை.

உன் அத்தான்,
இரத்தினவேல்