மேல்வீட்டுக் காலடிகள்

செப்டம்பர் 15, செவ்வாய்

வீடு கிடைத்துவிட்டது. புது அமெரிக்கக் கால்பந்து அணியின் பயிற்சி மைதானத்திலிருந்து பத்து நிமிட தூரம். கீழே வீட்டுக்காரர் ஸ்டான் பியர்னாட், மேலே நான். நாற்பது வருடம் இந்த ஏரிக்கரை ஊரில் பேருந்து ஓட்டியவராம். மனைவி இல்லை. சாவியைக் கொடுக்கும்போது என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ ஆறாவது ஆளு, தம்பி."

"எதுல ஆறாவது?"

"இந்த மாடிக்கு வந்த குவார்ட்டர்பேக்ல. எல்லாம் தங்கமான பசங்க. ஒருத்தன்கூட கிறிஸ்துமஸ் வரைக்கும் தாக்குப்பிடிக்கல."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

என் மனைவி ஜனெல் வரமாட்டாள். மகள் இமானியை எங்கள் ஊர் லஃபாயெட்டிலேயே பள்ளியில் சேர்த்துவிட்டாள். ஒன்பது வருடத்தில் ஐந்து ஊருக்கு என்னோடு மூட்டை கட்டியவள். "ஆறாவது ஊருக்கு நீ மட்டும் போயிட்டு வா, லெம்" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் உறுத்துகிறது.

சமையலறைத் தரையில் பழைய பச்சை விரிப்பு. வரிசையாக ஏழு இடங்களில் மட்டும் நிறம் தேய்ந்து வெளுத்திருக்கிறது. பார்த்ததுமே புரிந்தது. பந்து கைக்கு வந்ததும், எறிவதற்கு முன் குவார்ட்டர்பேக்குகளான நாங்கள் பின்னால் வைக்கும் அடிகள். முன்பு இருந்தவர்கள் இங்கே நின்று பழகியிருக்கிறார்கள். காலுறையைக் கழற்றிவிட்டு என் பாதத்தை வைத்துப் பார்த்தேன். ஏழும் பொருந்தின.

வேண்டாத வேலை.

செப்டம்பர் 23

மாற்று ஆட்டக்காரர்களின் பெஞ்சில் உட்கார்ந்தேன். எழுந்தேன். மறுபடி உட்கார்ந்தேன். லெம்யுல் என்ற என்னைக் கோச் ரஸ்க் இன்னும் "லெமர்" என்றுதான் கூப்பிடுகிறார். முப்பத்தொரு வயதில் லெமர் ஆகிவிட்டேன்.

செப்டம்பர் 30, புதன்

சுவரில் ஒரு பழைய தொலைபேசி. கீழ்வீட்டு இணைப்பேதான். மதியம் அடித்தது, எடுத்தேன்.

"யாரு?" என்றது ஓர் ஆண் குரல்.

"லெம்யுல் ப்ரூஸார்ட். உங்களுக்கு யார் வேணும்?"

"என் வீட்டுல நீ என்ன பண்ற?"

நான் பதில் தேடுவதற்குள் அவனே தணிந்துவிட்டான். "சரி விடு. இன்னைக்குப் புதன்தானே? ஞாயித்துக்கெழம ஆட்டத்துக்குத் திட்டம் குடுத்திருப்பாங்களே. மொத பதினஞ்சு நகர்வையும் படி, கேக்கறேன்."

யாரோ குறும்பு செய்கிறார்கள் என்று வைத்துவிட்டேன். பிறகு ஸ்டான் கடையிலிருந்து வந்ததும் சொன்னேன். அவர் முகம் மாறியது.

"வேட் லன்ஸ்ஃபர்ட். மூணு வருஷத்துக்கு முன்னால மேல இருந்தவன். முப்பத்தாறு வயசு. இப்ப அவங்க அம்மா வீட்ல இருக்கான். புதன்கெழம மட்டும் கூப்பிடுவான். நாந்தான் எடுத்து எதையாவது படிச்சுக் காட்டுவேன். பழைய செய்தித்தாள படிச்சாலும் அவனுக்குப் போதும்."

ஏன் என்று நான் கேட்கவில்லை. தலையில் அடி விழும் எங்கள் தொழிலில் யாரும் கேட்கமாட்டோம்.

அக்டோபர் 6

படியில் ஸ்டான் பிடித்துக்கொண்டார். "நல்லாப் பழகற, தம்பி. விடிகாலையிலேயே ஆரம்பிச்சிடற. உன் கால் சுத்தம். ஒண்ணு, ரெண்டு, மூணு, கடியாரம் மாதிரி விழுது."

"நான் வீட்ல பழகறதே இல்லையே. முட்டி இருக்கற லட்சணத்துக்கு."

"அப்படியா?" என்று தலையைச் சொறிந்தார். "நீ வெளியூர் ஆட்டத்துக்குப் போன ஞாயித்துக்கெழமையும் கேட்டுச்சே."

கிழவருக்குக் காது அடைத்திருக்க வேண்டும். அல்லது மரவீடு, குளிருக்குச் சுருங்கி முனகுகிறது.

அக்டோபர் 18, ஞாயிறு

முதலிடத்துக் குவார்ட்டர்பேக் பையனுக்குத் தோள் எலும்பு முறிந்தது. நான் இறங்கினேன். இரண்டு டச்டவுன், பன்னிரண்டு புள்ளி. ஜெயித்தோம்! எனக்குப் பந்தைப் பின்னால் தள்ளிக்கொடுக்கும் ட்ருவிட், நூற்றைம்பது கிலோ ஆள், என்னைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினான். "அண்ணே, இத்தனை நாளா உன்ன எந்தப் பொட்டியில பூட்டி வெச்சிருந்தாங்க?"

கோச் ரஸ்க் கைகொடுத்தார். "லெம்யுல்" என்றார். லெம்யுல்!

ஜனெலைக் கூப்பிட்டேன். அழுதாள். இமானி டிவி முன்னால் குதித்துக் கட்டிலை உடைத்துவிட்டாளாம்.

அக்டோபர் 25, ஞாயிறு

ஜெயித்தோம் என்கிறார்கள்.

அக்டோபர் 26

நேற்று எழுத முடியவில்லை. இன்று எழுதியே ஆக வேண்டும்.

இடைவேளைக்குச் சற்று முன்னால் இடது பக்கத்திலிருந்து ஒருவன் வந்து மோதினான். 54 என்று சட்டையில் எண். அது நினைவிருக்கிறது. பிறகு வானம். பிறகு உடைமாற்றும் அறையில் ஷூவைக் கழற்றிக்கொண்டிருக்கிறேன், எல்லோரும் முதுகில் தட்டுகிறார்கள். நடுவில் ஒன்றுமில்லை.

இன்று ஆட்டப் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். மூன்றாம் கால்பகுதி. என் சட்டை, என் எண், என் நடை. அவன் பந்தை வாங்குகிறான், பின்னால் ஏழு அடி வைக்கிறான், எறிகிறான். டச்டவுன். கையை உயர்த்திச் சிரிக்கிறான். கோச் படத்தை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "பாருங்கடா. இதான் மூளை. ஆட்டம்னா இப்படி ஆடணும்."

நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் யார்? அவன் ஆடியது என்னைவிட நன்றாக இருந்தது.

மருத்துவர் கேட்டபோது "ஒண்ணுமில்ல சார், காது கொஞ்சம் கொய்ங்குன்னுச்சு" என்றேன். ஒன்பது வருடம் காத்திருந்து கிடைத்த நாற்காலி. யார்தான் உண்மை சொல்வார்கள்?

நவம்பர் 8

தோல்வி. வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது. மைதானத்தில் மட்டும்தான் — மற்றபடி சரிதான்.

நவம்பர் 11, புதன்

ஸ்டான் கதவைத் தட்டி, உள்ளே வராமல் நிலைப்படியிலேயே நின்றார்.

"தப்பா எடுத்துக்காத. அஞ்சாவது அடி தாமதமா விழுது."

"எது?"

"காலையில. நாலு அடி ஒழுங்கா வருது. அஞ்சாவதுக்கு முன்னால ஒரு நிமிஷம் சத்தமே இல்ல. எங்க வைக்கறதுன்னு கால் யோசிக்கற மாதிரி. அப்பறம் விழுது. வேட்டுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. அவனுக்கு முன்னால இருந்தவனுக்கும்."

"ஸ்டான் சார், நான் தூங்கிட்டு இருந்தேன்."

"நீ தூங்கியிருப்பே, தம்பி. நான் முழிச்சிருந்தேன்."

மரியாதை பார்க்காமல் கதவைச் சாத்திவிட்டேன். தாழ்ப்பாளையும் போட்டேன். கோபத்தில்தான்.

நவம்பர் 12

படுக்கப் போகுமுன் சமையலறைத் தரையில் மாவைத் தூவினேன். சின்னப் பிள்ளைத்தனம். யாரிடமும் சொல்லமாட்டேன்.

நவம்பர் 13

மாவில் தடம் இருக்கிறது. என் தடம்தான், சுண்டுவிரல் வளைந்தது. ஏழு. ஐந்தாவது மட்டும் ஒன்றல்ல. ஒரே இடத்தில் மேலும் கீழுமாக நாலைந்து தடம், மிதித்து மிதித்து.

பெருக்கி எடுத்துவிட்டேன்.

நவம்பர் 25

ஜனெலும் இமானியும் வந்துவிட்டார்கள், நன்றி தெரிவிக்கும் நாளுக்கு. சோள ரொட்டி, கம்போ குழம்பு வாசனை. வீடு வீடாக இருக்கிறது. முந்தாநாள் வரை இருந்ததெல்லாம் வெறும் குளிர், வெறும் தனிமை.

நவம்பர் 27, வெள்ளி

காலைச் சாப்பாட்டில் இமானி கேட்டாள்: "அப்பா, யார் கூட விளையாடின?"

"எப்ப, கண்ணு?"

"இருட்டா இருந்துச்சே, அப்ப. நான் தண்ணி குடிக்க வந்தேன். நீ 'போ போ'ன்னு கத்தின. அங்க யாருமே இல்ல. நான் அப்பான்னு கூப்பிட்டேன். நீ என்னைப் பாத்து வெரல நீட்டி நம்பர் சொன்ன."

"என்ன நம்பர்?"

"அம்பத்தி நாலு."

கரண்டி என் கையில் இருந்தது. வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. பந்து கைக்கு வருவதற்கு முன், எந்த எதிரி நம்மை அடிக்க வருவான் என்று பார்த்து, விரலை நீட்டி, அவன் எண்ணைத்தான் நாங்கள் கத்துவோம். நான் என் மகளைக் காட்டியிருக்கிறேன். ஆறு வயது. மஞ்சள் இரவு உடுப்பு.

ஜனெல் அவளை வெளியே அனுப்பிவிட்டு வந்தாள். அவளும் பார்த்திருக்கிறாள், நேற்றும் இன்றும்.

"உன் கண்ணு தொறந்திருந்துச்சு, லெம். நான் முன்னாடி வந்து நின்னேன். நீ என்னைத் தாண்டிப் பார்த்த."

"அசதி. ஆட்டம் மண்டையில ஓடிட்டே இருக்கும்."

"டாக்டர்கிட்ட சொன்னியா?"

"சொன்னா அன்னைக்கே முடிஞ்சுது. இன்னும் அஞ்சு ஆட்டம்தான், ஜனெல். அஞ்சே அஞ்சு. அதுக்கப்புறம் ஒப்பந்தம் போடுவாங்க."

"போட்டா, கையெழுத்துப் போட யாரு இருப்பா? நீயா, காலையில நான் பாத்த ஆளா?"

கத்தினேன். என்னவெல்லாமோ சொல்லிட்டேன். ஒன்பது வருஷமா நீ என்னை நம்பவே இல்லைன்னு சொன்னேன். ஏன் சொன்னேன்? அஞ்சு ஊருக்கு வந்தவளைப் பார்த்து ஏன் சொன்னேன்?

சாயங்காலமே கிளம்பிட்டாங்க. விமான நிலையத்துல இமானி எனக்குக் கை குடுத்தா. முத்தம் குடுக்கல. கை குடுத்தா, ஊருக்குப் புதுசா வந்தவனுக்குக் குடுக்கற மாதிரி.

டிசம்பர் 1

மாடிப்படியில் மடித்துவைத்த அட்டைப் பெட்டிகள், பன்னிரண்டு. ஸ்டான் வைத்திருக்கிறார். தாண்டி மேலே ஏறிப் போனேன். 

டிசம்பர் 2, புதன்

தொலைபேசி. ஸ்டான் எடுப்பதற்குள் நானே எடுத்தேன்.

"வேட்?"

"ஆமா. திட்டம் வந்துதா?"

வந்திருந்தது. பதினைந்தையும் நிதானமாகப் படித்தேன். அவன் ஒவ்வொன்றுக்கும் "ம்" கொட்டினான். முடித்ததும் கேட்டேன்: "வேட், உனக்கு எப்ப தெரிஞ்சுது?"



"என்னது தெரியணும்?" என்றான். பிறகு, மிகவும் அன்பாக: "மொத பதினஞ்சையும் படிக்கறியாப்பா? இன்னைக்குப் புதன்தானே?"

மறுபடியும் முதலிலிருந்து படித்தேன்.

டிசம்பர் 6, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன், மறப்பதற்குள்.

இரண்டாம் கால்பகுதி. பனி. பதினோரு பேரும் வட்டமாகக் குனிந்து நின்றோம். அடுத்த நகர்வுக்கான சங்கேதத்தை நான் சொன்னேன். வார்த்தை தெளிவாக வந்தது, தடுமாறவே இல்லை. ஒருவனும் நகரவில்லை. பத்து ஹெல்மெட், பத்து ஜோடிக் கண்.

ட்ருவிட் தாழ்ந்த குரலில் சொன்னான்: "அண்ணே, அது நம்ம ஆட்டம் இல்ல."

"அப்ப யாரோடது?" என்றேன்.

கிண்டல் இல்லை. எனக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அவன் கண்ணில் பயத்தைப் பார்த்தேன். அவ்வளவு பெரிய ஆள், என்னைப் பார்த்து, இமானி பார்த்த மாதிரியே பார்த்தான்.

கையை உயர்த்தி ஆட்டத்தை நிறுத்தச் சொன்னேன். கோட்டுக்கு வெளியே நடந்தேன். கோச் ரஸ்க் திட்டக் காகிதத்தோடு ஓடிவந்தார். அவரைத் தாண்டி மருத்துவரிடம் போய் ஹெல்மெட்டை அவர் கையில் கொடுத்தேன்.

"சார், அக்டோபர் இருபத்தஞ்சுல பாதி ஆட்டம் எனக்கு ஞாபகமே இல்ல. அன்னைக்குப் பொய் சொன்னேன். காலையில எழுந்து நடக்கறேன், அதுவும் எனக்குத் தெரியாது. எம்பொண்ண எதிராளின்னு நெனச்சேன்."

"இப்பவாடா சொல்ற?" என்று கோச் கத்தினார். "ஆட்டம் நடந்துட்டிருக்கு! இப்பவா?"

அறுபதாயிரம் பேர் ஊளையிட்டார்கள். என்னை நோக்கித்தான். தூரத்தில் மழை வருவது போல இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்தேன். பல வருடங்களில் முதல்முறையாக அடுத்து எங்கே அடி வைப்பது என்று யோசிக்கத் தேவையில்லாமல் இருந்தது.

டிசம்பர் 8

காயம்பட்டவர்கள் பட்டியலில் போட்டுவிட்டார்கள். இந்த வருடம் முடிந்தது. அடுத்த வருடம் கிடையாது என்பதை யாரும் வாயால் சொல்லவில்லை. கைகொடுத்தபோது கோச் "பாத்துக்க, லெமர்" என்றார்.

பெட்டிகளை ஸ்டானும் சேர்ந்து கட்டினார். "மத்தவங்களத் தள்ளித்தான் அனுப்பினாங்க, தம்பி. நீ உன் காலால போற." காரில் ஏற்றும்போது மட்டும் ஒருமுறை மேலே பார்த்தார். நானும் பார்த்தேன். வீடு காலி. மேலே அடி விழும் சத்தம் இருவருக்கும் கேட்டது. ஸ்டான் கார்க் கதவைச் சாத்தினார்.

ஜனவரி 19, லஃபாயெட்

மருத்துவர் நினைவில் வைக்கச் சொல்லி ஐந்து வார்த்தை சொன்னார். கால் மணி கழித்துத் திருப்பிக் கேட்டார். மூன்று சொன்னேன். "நல்லது" என்றார். ஜனெல் என் முழங்கையைப் பிடித்திருந்த பிடி தளரவில்லை.

ஏப்ரல் 17, சனி

இப்போதெல்லாம் நடக்கிறேனா என்று நான் கேட்பதில்லை. இரண்டு மாதமாக ஜனெல் நன்றாகத் தூங்குகிறாள். அதை வைத்துத் தெரிந்துகொள்கிறேன்.

இன்று தனியாகக் காரெடுத்துப் போய்ச் சந்தையில் எங்கள் பக்கத்துச் சேற்றில் பிடிக்கும் சிவப்பு நண்டுறால் ஒரு மூட்டை வாங்கி வந்தேன். நானேதான் கேட்டேன், அவள் சாவியைக் கொடுத்துவிட்டு "பொறுமையா வா" என்று மட்டும் சொன்னாள். போக வர ஆறு திருப்பம். ஒன்றுகூடத் தவறவில்லை. நண்டுறால் விற்பவரோடு பத்து நிமிடம் கதையடித்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது ஜனெல் வாசலில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். "அதுக்குள்ளயா வந்துட்ட?" என்று, என்னமோ என் வழியையே பார்த்து நிற்காதவள் போலக் கேட்டாள்.

காலையிலிருந்து நல்ல மழை. செடிகளைச் சுற்றித் தண்ணீர் தேங்கி நின்றது. நான் மூட்டையை உள்ளே கொண்டுபோனேன்.