பேப்பர்லயும் வீடியோவுலயும் வராத பஸ்ஸு

அன்பு மகன் மதன்குமாருக்கு, அம்மா தங்கலட்சுமி சொல்லச் சொல்ல உன் தங்கச்சி ராமலட்சுமி எழுதுவது. எம்.ரெட்டியபட்டியில் நாங்களும் ஆடுகளும் சுகம், மழைக்குத்தான் சுகமில்லை போல, இந்தப் பக்கமே காணோம். கத்தாரில் நீ நேரத்துக்குச் சாப்பிட்டு நல்லா இருக்கணும் ராசா. போனில் நீ குறுக்கே குறுக்கே பேசுற, கடுதாசியில் அது முடியாது, அதான் எழுத்து. (யோசனை என்னுது அண்ணே.)

பேப்பர்ல பார்த்துட்டு, இனிமே மறியல் பக்கமே போகாதேன்னு சத்தம் போட்ட. அதுல போட்டது பொய் இல்லப்பா. பஸ் மறியல், போக்குவரத்து பாதிப்பு, பெண்கள் கைதாகி மாலையில் விடுவிப்புன்னு மூணு வரி. (மாலை போட்டு விட்டதா நினைச்சுக்காதே.) நம்ம தெரு மணிகண்டன் ஏத்துன வீடியோவுல பாட்டும் தீ எரியுற படமும் சேர்த்து, அரசையே அலறவிட்ட சிங்கப்பெண்கள்னு போட்டிருக்கான். நான் எங்க அலறவிட்டேன், தொண்டை கட்டிப்போயில்ல உக்காந்திருந்தேன். ஒருத்தருக்கு நாங்க ரோட்டுல கெடந்த இடைஞ்சல், இன்னொருத்தருக்குச் சிங்கம். பஸ்ஸு கேட்ட பொம்பளைகன்னு ரெண்டு பேருமே சொல்லல. நம்ம ஊருக்கு வந்த காலைப் பஸ்ஸை அரசாங்கம் நிறுத்துனதுல இருந்து, அருப்புக்கோட்டையில பன்னெண்டாவது படிக்கிற, இதை எழுதுற இவளும் மத்த பிள்ளைகளும் ஷேர் ஆட்டோவுல தொங்கிக்கிட்டுப் போகுதுக. மனுவும் குடுத்துப் பார்த்துட்டுத்தான் உக்காந்தோம். பிள்ளைத்தாச்சி வந்த ஆட்டோவுக்கு எந்திரிச்சு வழி விட்டோம், அது எதுலயும் வரல. கைதுன்னா ஜெயில் இல்ல ராசா, கல்யாண மண்டபம். எலுமிச்சஞ்சோறு குடுத்தாக, உப்புதான் பத்தல.

(அண்ணே, இதை அம்மா சொல்லல. மண்டபத்துல போலீஸ்காரம்மா பேரு கேட்டப்ப எல்லாரும் தலையைக் குனிஞ்சாக. அம்மாதான் முதல்ல எந்திரிச்சு, தங்கலட்சுமி, எழுதிக்கோங்கன்னா. வீட்டுல சிங்கம் சிங்கம்னு கிண்டல் பண்றேன், அதுல பாதிதான் கிண்டல்.)

திங்கக்கிழமையில இருந்து பஸ்ஸு வரும்னு அதிகாரி சொல்லிட்டுப் போயிருக்காக. வரலன்னா செவ்வாக்கிழமை மறுபடி உக்காருவோம். கோவிச்சுக்காதே, உன் பேச்சுக்கு என் பதில் இதான். வெயில்ல தலையில துண்டு கட்டாம வேலைக்கு நிக்காதே. நம்ம குலசாமி உன் கூடவே நிக்கும்.

இப்படிக்கு,
உன் அம்மா தங்கலட்சுமி

அண்ணே, இன்னிக்குத் திங்கக்கிழமை. இந்த வரியை எழுதுறது நான் மட்டும். எழுத்து ஏன் இப்படிக் குலுங்குதுன்னு யோசி. பஸ்ஸு வந்தப்ப மணிகண்டன் போனை வெளிய எடுக்கல, பேப்பர்காரரும் வரல. அம்மாதான் ரோட்டோரம் நின்னு கையைக் காட்டி நிறுத்தி, என்னை ஏத்திவிட்டுட்டுக் களை எடுக்கப் போனா.