தூணுக்குப் பக்கத்து இடம்

மார்ச் 4

அன்புள்ள அளவுக்காரருக்கு,

நலம். நீங்களும் நலம்தான். சோபாவில் குறட்டை கேட்டது.

சிரிப்பென்றால் பேசுவது, கோபமென்றால் எழுதுவது என்று கல்யாணமான புதிதில் சட்டம் போட்டவர் நீங்கள். அக்கம்பக்கத்துக்குக் கேட்கக் கூடாதாம். அதனால் வழக்கம்போல இதைக் காரில், உங்கள் தலைக்கு மேலே இருக்கும் வெயில் தட்டில் செருகுகிறேன். வண்டியை நிறுத்திவிட்டுப் படியுங்கள்.

நாம் வாங்கப் போகும் இரண்டாவது கார் யாருக்கு? எனக்கு. பக்கவாதம் வந்து படுத்தவர்களையும் இடுப்பு உடைந்தவர்களையும் வீடு தேடிப் போய் எழுந்து நடக்கவைக்கும் பிசியோதெரபிஸ்ட் நான். தோளில் பை, கையில் மடக்குக் கட்டில், இத்தனை நாளும் பஸ்தான். மாதக் கடைசிக்குள் கார் இல்லையென்றால் வீட்டுக்குப் போகும் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாக எங்கள் கிளினிக் டாக்டரம்மா சொல்லிவிட்டார். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும்.

நேற்று ஷோரூமில் இரண்டு காம்பாக்ட் எஸ்யூவி பார்த்தோம். மகள் ஒன்றுக்கு நெட்டை, இன்னொன்றுக்குக் குட்டை என்று பெயரே வைத்துவிட்டாள். இரண்டையும் ஓட்டிப் பார்த்தவர் நீங்கள். நான் பின்சீட்டில், ஒப்புக்குச் சப்பாணி. "பின்னாடி ஏசி காத்து வருதா?" என்று கேட்டீர்கள். வந்தது. ஷோரூம்காரர் என்னிடம், "மத்ததெல்லாம் சார் பாத்துப்பாரு, நீங்க கலர் மட்டும் சொல்லுங்க மேடம்" என்றார். நீங்கள் தலையாட்டினீர்கள். அந்தத் தலையாட்டலுக்குத்தான் இந்தக் கடிதம்.

கோபத்துடன்,
வாத்தியாரம்மா

*

மார்ச் 5

அன்புள்ள வாத்தியாரம்மாவுக்கு,

வண்டியை நிறுத்திவிட்டுத்தான் படித்தேன்.

ஒரு தலையாட்டலுக்கு இவ்வளவு பெரிய கடிதமா? விபத்தில் அடிபட்ட கார்களைப் பார்த்து இன்ஷூரன்ஸுக்கு நஷ்டம் எழுதுவது என் பிழைப்பு. எந்தக் கதவு சிக்கும், எந்தக் கூரை அமுங்கும் என்று எனக்குத் தெரியும். நெட்டைதான் சரி. உயரம், அகலம், கனம் எல்லாம் இருக்கிறது. குட்டை பார்க்க லட்சணமாக இருக்கலாம். நாம் என்ன கொலுசா வாங்கப் போகிறோம்?

கீழே தூணுக்குப் பக்கத்தில் நமக்கிருக்கும் இரண்டாவது இடத்தையும் டேப் வைத்து அளந்துவிட்டேன். நெட்டை தாராளமாக நிற்கும். நீ உன் வேலையைப் பார். இந்தத் தலைவலியை என்னிடம் விடு.

மகளுடைய அறிவியல் மார்க்கைப் பற்றிச் சிரித்துக்கொண்டே பேச முடியாது. அதற்குத் தனிக் கடிதம் வரும்.

அன்புடன்,
உன் அளவுக்காரன்

*

மார்ச் 7

அளவுக்காரருக்கு,

அன்பை இந்த முறை விட்டுவிட்டேன். எங்கேயாவது கிடந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

நேற்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் நானே ஷோரூமுக்குப் போனேன். "சார் வரலையா மேடம்?" என்றார் அவர். "அவர் ஓட்டப் போறதில்ல" என்றேன். இரண்டையும் ஓட்டினேன். நெட்டையில் பெடல் எட்ட வேண்டுமென்றால் சீட்டை முன்னால் இழுக்க வேண்டும். இழுத்தால் ஸ்டியரிங் நெஞ்சில் முட்டுகிறது. ஒரு திருப்பத்தில், ரோட்டைக் கடந்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர் முன்கண்ணாடியின் ஓரச் சட்டத்துக்குப் பின்னால் முழுசாக மறைந்துபோனார். அவ்வளவு கனமான வண்டியில் எனக்கு ஒன்றும் ஆகாது என்கிறீர்கள். அவருக்கு?

குட்டையில் நான்கு பக்கமும் தெரிந்தது. ஏர்பேக் இரண்டிலும் சமம்தான், கேட்டுவிட்டேன். மடக்குக் கட்டிலைக் கையோடு கொண்டு போயிருந்தேன். பின்னால் அழகாக ஏறியது.

இன்னொன்று. தூணுக்குப் பக்கத்து இடத்தை அளந்தபோது, கார்க் கதவைத் திறந்து கணக்குப் போட்டீர்களா, மூடியா?

உங்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் நான். வாத்தியாரம்மா என்று நீங்களே வைத்த பெயர் அப்படித்தான் வந்தது. மறந்திருந்தால் வீட்டுக் காம்பவுண்டுச் சுவரைக் கேளுங்கள். அதற்கு ஞாபகம் இருக்கும்.

குட்டைதான் வேண்டும்.

வாத்தியாரம்மா

*

மார்ச் 10

அன்புள்ள வாத்தியாரம்மாவுக்கு,

நெட்டையை புக் பண்ணியாச்சு. கோபப்படாதே. வெள்ளைக் கலர்தான், நீ சொன்னது.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். போன மாதம் ஒர்க்‌ஷாப்பில் ஒரு சின்னக் கார் பார்த்தேன். முன்பக்கம் முழுக்க உள்ளே போயிருந்தது. ஓட்டியவர் ஒரு நர்ஸ், வீட்டுக்கு வீடு போகிறவர். பக்கத்துச் சீட்டில் அவருடைய பை அப்படியே இருந்தது, உன்னுடையதைப் போலவே நீலம். எழுத வேண்டியதை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஏன் என்று நீ கேட்டாய். வயிறு சரியில்லை என்றேன்.

தூணைப் பற்றிக் கவலைப்படாதே. போகப் போகப் பழகிவிடும்.

அன்புடன்,
உன் அளவுக்காரன்

*

மார்ச் 24

அளவுக்காரருக்கு,

இதை நெட்டையின் ஸ்டியரிங்கில் ஒட்டியிருக்கிறேன். ஏன் என்று கடைசியில் தெரியும்.

நான் வெள்ளை என்று சொல்லவே இல்லை. "ஏதோ ஒண்ணு" என்றேன். அதைக்கூட நீங்கள்தான் முடிவு செய்தீர்கள். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

நேற்று நெட்டை வீட்டுக்கு வந்தது. நானும் மகளும் கீழே நின்றோம். தூணை ஒட்டி அழகாகத்தான் நிறுத்தினீர்கள். கதவு ஒரு சாண் திறந்து தூணில் முட்டியது. ஊரார் கார்களையெல்லாம் அளக்கிறவர், காரை அளந்தீர்கள், அதிலிருந்து இறங்க வேண்டியவளை அளக்கவில்லை. கியரைத் தாண்டி, ஒரு கால் ஸ்டியரிங்கில் மாட்டி, அடுத்த சீட் வழியாக இறங்கினீர்கள். வாட்ச்மேன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வந்திருந்தால்தான் பேசியிருப்பேனே.

அதற்குப் பிறகாவது சும்மா இருந்தீர்களா? "இத பழைய கார் நிக்கிற நல்ல இடத்துல நிறுத்தி கொஞ்ச நாள் நானே ஓட்டறேன். பழைய வண்டி உனக்கு வேணாம், நீ ஒரு மாசம் பொறுத்துக்கோ" என்றீர்கள். ஒரு மாதம் பொறுத்தால் என் வேலை போய்விடும். உங்களுக்கு அது நினைவிலேயே இல்லை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அந்த நர்ஸைப் பற்றிப் படித்தபோது அழுதேன். அன்றைக்கே சொல்லியிருந்தால் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டிருப்பேன். "எனக்குப் பயமா இருக்கு" என்று சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லை. "புக் பண்ணியாச்சு" என்று எழுதக் கை வந்துவிட்டது. உங்கள் பயத்துக்கு ஒரு கார் வாங்கி, அதற்கு என் பெயரை வைத்திருக்கிறீர்கள்.

பழைய காரின் சாவியை நான் எடுத்துக்கொண்டேன். உங்களுக்கு கிளட்ச் பழக்கிய அதே கார். தூணுக்குப் பக்கத்தில் நிற்கிறது, கதவும் திறக்கிறது. மடக்குக் கட்டில் பின்சீட்டில் ஏறிவிட்டது. இன்றிலிருந்தே காரில் வேலைக்குப் போகிறேன் என்று டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டேன். நல்ல இடமும் நெட்டையும் உங்களுக்கே. இந்த வீட்டின் இரண்டாவது கார் உங்களுடையது.

வெயில் தட்டு இனி என் தலைக்கு மேலே இருக்கிறது. அதில் கடிதம் எதுவும் வைக்காதீர்கள். நானும் இத்துடன் நிறுத்துகிறேன். இத்தனை வருஷம் என் கோபத்தைப் படித்து, மடித்து, இருந்த இடத்திலேயே செருகிவிட்டு ஆபீஸ் போனீர்கள்.

சாயங்காலம் வேலை முடிந்து வருவேன். வந்ததும் பேசுவேன், கோபமாகத்தான். நீங்களும் உங்கள் பயத்தை வாயால் சொல்லுங்கள். நம் சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்கட்டும். ஜன்னலைச் சாத்தப் போவதில்லை.

வாத்தியாரம்மா