ஒரு வாளித் தண்ணீர்

நம் மகன் கிளைட்டனின் அப்பாவுக்கு,

ஹார்பரிலிருந்து களைத்து வந்து தூங்குகிறீர்கள், எழுப்பவில்லை. சீலா மீன் குழம்பு அடுப்படியில் இருக்கிறது.

வாங்கி வாடகைக்கு விடலாம் என்று நினைத்தோமே, அந்த வீட்டின் பின்முற்றத்தில் வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். மற்ற இடத்தில் தேங்கியது; ஒரு மூலையில் மட்டும் மடமடவென்று உள்ளே போனது. "அடியில மூடுன கெணறு கெடக்கும், வேண்டாம்" என்றேன். தரகர் முன்னாலேயே, "ஒனக்கு என்னளா தெரியும்?" என்றீர்கள்.

நேற்று மழையில் அந்த மூலை ஆளுயரத்துக்கு உள்வாங்கிவிட்டதாம். காலையில் தரகரே வந்து, "அக்கா, நீங்க சொன்னதுதான் சரி" என்று தலைகுனிந்து நின்றார். நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

நாலு மணிக்கு வேறொரு வீடு காட்டுகிறாராம். மீன் கம்பெனியிலிருந்து நேரே வந்துவிடுவேன்.

ஜெசிந்தா

பி.கு.: கதவருகே வாளி இருக்கிறது. இந்தத் தடவை, தெருவே பார்க்க, அதை நீங்கள்தான் தூக்கிவர வேண்டும்.